கொலை, கொல, மர்டர்: அகராதிப் பொருளும் வழக்குப் பொருளும்

முன்னுரை

அச்சம் தரும் பொருளையுடைய சொற்களுள் ‘கொலை’ முதன்மையானது. அறநூலும் சட்டமும் எச்சரிக்கையுடன் கையாளும் இச்சொல், அன்றாடப் பேச்சில் பசிக்கும் பாட்டுக்கும் பாராட்டுக்கும் சலிப்புக்கும் பயன்பட்டு வருகிறது. இதனைச் சொல்லின் சிதைவு எனக் கருதுவோர் உளர். அகராதியில் இடம்பெறத் தகாத கொச்சை என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் மறுபரிசீலனைக்குரியவை. ‘கொலை’, அதன் வினையடியாகிய ‘கொல்’, இவற்றுக்கு நிகராக வழங்கும் ஆங்கில ‘மர்டர்’ ஆகியவற்றின் அகராதிப் பொருளையும் வழக்குப் பொருளையும் ஒப்பிட்டு, ஒலியால் ஒத்த பிற சொற்களினின்று அவற்றைப் பிரித்தறிந்து, அகராதியியலுக்குப் பயன்படும் ஒரு நெறியை முன்வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்வு. மராட்டிய மாநிலம் புணே நகரின் கிழக்கே, சோலாப்பூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஹடப்சர், தொழிற்கூடங்களும் கணினி நிறுவனங்களும் பெருகிய பகுதி. பல மாநிலத்தாரோடு தமிழரும் அங்கு வாழ்கின்றனர். விடுமுறையொன்றில் கட்டுரையாளர் அங்குள்ள உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, மாடத்துச் சுவரில் ஏறி நின்ற பேரனை நோக்கி நெல்லையிலிருந்து வந்திருந்த ஆச்சி, ‘ஏலே, கீழ இறங்கு, விழுந்த, கொன்னுருவேன்!’ எனக் கூவினார். அண்டை வீட்டு மராட்டிய அம்மையார் பதறி வந்து, ஆச்சி என்ன சொன்னார் என வினவினார். பன்னிரண்டு வயதுப் பேத்தி, ‘ஆஜீ மாரீன் ம்ஹணதே’ என்று மராத்தியில் கூறினாள். ‘பாட்டி அடிப்பேன் என்கிறார்’ என்று அம்மையார் பொருள் கொண்டு, சிரித்துக்கொண்டே திரும்பினார்.

மராத்தியில் ‘மாரணே’ என்னும் வினை அடித்தல், கொல்லுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். கொல்லுதலை மட்டும் ஐயமின்றிக் கூற வேண்டின் ‘டார் மாரணே’, ‘ஜிவே மாரணே’ போன்ற தொடர்கள் உள. அகராதி வழி நின்று பெயர்த்திருந்தால் அச்சிறுமி ‘டார் மாரீன்’ என்றிருக்க வேண்டும். அவ்வாறு கூறியிருப்பின் அது சொல்லளவில் சரி, பொருளளவில் பிழை. அகராதி தவறக்கூடிய இடத்தில் ஒரு குழந்தை தவறாதது எவ்வாறு என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

அகராதி காட்டும் எல்லை

இருமொழி அகராதிகள் பெரும்பாலும் தலைச்சொல்லுக்கு நிகர்ச்சொல் தரும் முறையைப் பின்பற்றுவன. அம்முறையில் மர்டர் கொலையாகவும் கொலை மர்டராகவும் அமைகின்றன. ஆயின் இவ்விரு சொற்களின் பொருட்பரப்பும் ஒன்றல்ல.

ஆங்கிலத்தில் மர்டர் என்பது சட்டத்திற்குப் புறம்பாக, உள்நோக்கத்தோடு மனிதரை மனிதர் கொல்லுதலையே முதன்மையாகக் குறிக்கும். ‘கொலை’யோ உயிர் நீக்கும் செயல் அனைத்தையும் தழுவியது. வள்ளுவரின் ‘கொல்லாமை’ அதிகாரம் மனித உயிரோடு நிற்பதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் மன்னன் ஆணையால் வெட்டுண்ட பகுதி ‘கொலைக்களக் காதை’ எனப் பெயர் பெறுகிறது. அங்குக் கொலை என்பது அரசு வழங்கிய தண்டனை. அது நீதியற்றது என்பது கண்ணகி வழக்குரைத்த பின்னரே நிலைபெறுகிறது. எனவே ‘கொலை’ என்னும் சொல் செயலைக் குறிக்கிறதேயன்றி, அச்செயலின் குற்றத்தன்மையைத் தானாகவே குறிப்பதில்லை.

சட்டத்தமிழில் இச்சொல் சுருங்கியது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 299, 300ஆம் பிரிவுகளில் மரணம் விளைவிக்கும் குற்றத்தையும் கொலையையும் வேறு வேறாக வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 100, 101ஆம் பிரிவுகளாக அமைந்துள்ளன. ‘கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்’ என்னும் தொடர் இவ்வேறுபாட்டைத் தமிழில் காட்ட எழுந்ததாகும். பொதுவழக்கில் அதுவும் கொலையே. சட்டவழக்கில் அது கொலையன்று. ஒரே சொல் இருவேறு எல்லைகளோடு வழங்குவதை இது காட்டும்.

ஒலி ஒப்புமையும் பொருள் மயக்கமும்

ஒலியால் ஒத்த சொற்களைப் பொருளாலும் உறவினவாகக் கொள்வது வேர்ச்சொல் ஆய்வில் நேரும் பொதுவான பிழை. மர்டர் என்னும் சொல்லைச் சுற்றி இப்பிழைக்கு வாய்ப்பு மிகுதி.

பழைய ஆங்கிலத்தில் கொலையைக் குறித்த சொல் ‘மொர்தொர்’ என்பது போல், தகரத்தை ஒத்த உரசொலியுடன் ஒலித்தது. தாயைக் குறித்த சொல்லோ ‘மோடொர்’ என டகரத்தை ஒத்த வெடிப்பொலி பெற்றிருந்தது. காலப்போக்கில் முன்னது மர்டர் எனவும் பின்னது மதர் எனவும் மாறின. அதாவது இரு சொற்களும் தம் இடையொலியை மாற்றிக்கொண்டன. சேக்சுபியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் ‘மர்தர்’ என்னும் பழைய வடிவமும் காணப்படுகிறது. ஒலிநெருக்கத்தைக் கொண்டு இவ்விரு சொற்களையும் உறவுபடுத்துவோர், அந்நெருக்கம் காலத்துக்குக் காலம் மாறியதை நோக்குதல் வேண்டும்.

மர்டர் என்பதன் மூலம், இறத்தலைக் குறிக்கும் இந்தோ ஐரோப்பிய வேரோடு தொடர்புடையது. தமிழில் வழங்கும் வடசொற்களாகிய மரணம், மிருத்யு ஆகியனவும் அவ்வேரினவே. பாரசீகத்திலிருந்து இந்தி, மராத்தி முதலியவற்றிற் புகுந்த ‘முர்தா’ (பிணம்) என்பதும், ‘இறப்புக்குரியவன்’ என்னும் அடிப்பொருளில் தோன்றி ஆண்மகனைக் குறிக்கும் ‘மர்த்’ என்பதும் அக்குடும்பத்தின. ஹடப்சர்த் தெருவில் வீரத்தைப் புகழ ‘மர்த்’ என ஒருவர் கூறுவதும், காவல்நிலையத்தில் ‘மர்டர்’ என எழுதப்படுவதும் வேர்வழியில் தொலைவான உறவினர் எனலாம்.

இதற்கு மாறாக, உறவுடையன போல ஒலிப்பினும் உறவற்றன பல. ‘மகிஷாசுர மர்த்தினி’ என்பதில் வரும் மர்த்தனம் நசுக்குதலைக் குறிக்கும் வேறு வினையடியிற் பிறந்ததாக வடமொழி இலக்கணத்தார் கொள்வர். உயிர்த்தியாகியைக் குறிக்கும் ஆங்கில ‘மார்ட்டர்’, கிரேக்கத்தில் ‘சாட்சி’ எனப் பொருள்பட்டது. சிறு பீரங்கியையும் கட்டடச் சாந்தையும் குறிக்கும் மற்றொரு ‘மார்ட்டர்’, உரலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழில் எழுதும்போது இப்பின்னிரண்டும் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன.

மராத்தியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ‘கூன்’ என்பது இந்தியில் இரத்தத்தைக் குறிக்கும். மராத்தியில் கொலையையே முதன்மையாகக் குறிக்கும். தெலுங்கில் ‘கூனீ’ எனக் கொலைப்பொருளில் வழங்குவதும் இச்சொல்லே. மராத்தியில் ணகரம் பெற்ற ‘கூண்’ என்பதோ அடையாளம், குறி எனப் பொருள்படும். தமிழன் காதிலோ கூன் என்பது வளைந்த முதுகு. இந்தி அறிந்து மராத்தி அறியாத ஒருவர் செய்தித்தாளில் ‘கூன்’ என்பதைக் கண்டு குருதிக்கொடை பற்றிய செய்தியோ என மயங்க இடமுண்டு.

தமிழுக்குள்ளேயும் ஆராயத்தக்கன உள. உலோகத் தொழிலைக் குறிக்கும் ‘கொல்’ என்பதன் அடியாகப் பிறந்தது ‘கொல்லன்’. உயிர்நீக்கும் ‘கொல்’ வேறு. ஐயப்பொருளில் வரும் இடைச்சொல்லாகிய ‘கொல்’ வேறு. திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி முன்னிரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. கோவலன் கொலையுண்ணக் காரணமானவன் பொற்கொல்லன் என்பதால் காதுக்கு ஓர் இயைபு தோன்றுகிறது. அது காப்பியச் சுவைக்கு உதவும். வேர்ச்சொல் ஆய்வுக்கு உதவாது.

இன்னும் சிக்கலானது கொலை, குலை ஆகியவற்றின் மயக்கம். பேச்சுத்தமிழில், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரின் முதலசையிலுள்ள இகர உகரங்கள் முறையே எகர ஒகரங்களாகத் திரிவது இயல்பு. இலை ‘எல’ ஆவதும், உடம்பு ‘ஒடம்பு’ ஆவதும், குடை ‘கொட’ ஆவதும் இவ்விதியால். இதே விதியால் குலையும் ‘கொல’ ஆகிறது. கொலையும் ‘கொல’ ஆகிறது. வாழைக்குலை, ஈரக்குலை, குலைநடுக்கம் ஆகிய அனைத்தும் பேச்சில் ‘கொல’ என்றே ஒலிக்கும். கடும்பட்டினியைக் குறிக்கும் சொல் எழுத்தில் ‘கொலைப்பட்டினி’ எனவும் ‘குலைப்பட்டினி’ எனவும் காணப்படுவதற்கு இதுவே காரணம். கொல்லும் பட்டினியா, குலை வாடும் பட்டினியா என்பதை ஒலி கொண்டு முடிவு செய்ய இயலாது. எவ்வாறாயினும், மிகுதியைக் குறிக்கும் அடையாக ‘கொல’ என்னும் ஒலி பேச்சில் நெடுங்காலமாக இருந்துள்ளது என்பது கருதத்தக்கது. அதனை முற்றிலும் இன்றைய திரைப்படத்தின் ஆக்கம் எனல் பொருந்தாது.

இடம் தரும் பொருள்

வழக்கிலுள்ள எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து நோக்கும்போது, சொல் நிற்கும் இடத்திற்கேற்பப் பொருள் ஒழுங்காக வேறுபடுவது புலனாகிறது.

முதலாவது, ‘கொலை’ தொகைச்சொல்லின் பின்மொழியாக நிற்றல். தற்கொலை, படுகொலை, கருணைக்கொலை, இனக்கொலை, ஆணவக்கொலை என்பவற்றில் உயிர்நீக்கம் என்னும் நேர்ப்பொருள் மாறுவதில்லை. முன்மொழி அக்கொலையின் வகையையோ காரணத்தையோ கூறுகிறது. இவ்விடத்தில் ஒவ்வொரு முன்மொழியும் ஒரு தீர்ப்பாகிறது. ஆங்கிலத் தொடரின் பெயர்ப்பாகிய ‘கௌரவக் கொலை’யை மறுத்து, ‘ஆணவக்கொலை’ என்னும் சொல் தமிழ்ப் பொதுவெளியில் நிலைபெற்றது இதனாலேயே. சாதியின் பேரால் பிள்ளைகளைக் கொல்வோருக்குக் கௌரவம் என்னும் சொல்லைக்கூட வழங்கலாகாது என்னும் அறவுணர்வு அதில் உள்ளது. மொழிக்கொலை, தமிழ்க்கொலை ஆகியவை இவ்வாய்பாட்டின் உருவகங்கள். அவையும் கண்டனப் பொருளையே தருவன.

இரண்டாவது, ‘கொலை’ முன்மொழியாக நிற்றல். கொலைக்களம், கொலைக்குற்றம், கொலைவழக்கு என்பவற்றில் நேர்ப்பொருளே உள்ளது. ‘கொல பசி’, ‘கொல காண்டு’, ‘கொல மாஸ்’ என்பவற்றில் மிகுதிப்பொருள் மட்டுமே உள்ளது. ‘கொலைவெறி’ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாளேடுகள் ‘கொலைவெறித் தாக்குதல்’ என எழுதும்போது அது நேர்ப்பொருள். 2011 நவம்பரில் வெளியாகி நாடெங்கும் பரவிய திரைப்பாடலில் அது காதலில் தோற்றவனின் செல்லப் புலம்பல். ஆங்கில ஏடுகள் அச்சொல்லை ‘கொலை செய்யும் வெறி’ என நேருக்கு நேர் விளக்கின. பாடலின் தொனிக்கும் விளக்கத்தின் பொருளுக்கும் இருந்த இடைவெளியை அவை காட்டவில்லை. தமிழ் அறியாத பலருக்கு அறிமுகமான ஒரே தமிழ்ச்சொல், அதன் வழக்குப் பொருள் நீங்கிய நிலையிலேயே அறிமுகமாயிற்று.

மூன்றாவது, வினையாக நிற்றல். இதுவே மிகுதியும் நுட்பமானது. ‘பாட்டைக் கொன்னுட்டார்’ என்பது பழிப்பு. ‘பாட்டுல கொன்னுட்டார்’ என்பது புகழ்ச்சி. வேறுபாடு வேற்றுமை உருபில் உள்ளது. இரண்டாம் வேற்றுமை பாட்டைக் கொலைக்கு இலக்காக்குகிறது. ஏழாம் வேற்றுமை பாட்டைக் களமாக மட்டும் காட்டுகிறது. செயப்படுபொருளே இன்றி ‘கொன்னுட்டீங்க!’ எனின் அதுவும் புகழ்ச்சியே. செயப்படுபொருள் மக்களாயின், முன்நிற்கும் வினையெச்சம் பொருளைத் தீர்மானிக்கிறது: ‘பேசிப்பேசியே எங்களைக் கொன்னுட்டார்’ என்பது சலிப்பு, ‘சிரிக்க வெச்சே கொன்னுட்டார்’ என்பது பாராட்டு. ஆனால் ‘கொலை செய்துவிட்டார்’ எனப் பெயரோடு துணைவினை சேர்த்துக் கூறின் புகழ்ச்சிப் பொருள் எழுவதில்லை. அது நேர்ப்பொருளாகவோ பழிப்பாகவோதான் அமையும்.

ஆங்கிலத்திலும் இதனை ஒத்த ஒழுங்கு உண்டு. பாடலை மர்டர் செய்தல் பழிப்பு. மேடையில் ‘கில்’ செய்தல் புகழ்ச்சி. போக்குவரத்து நெரிசலோ செங்குத்தான படிக்கட்டோ ‘மர்டர்’ எனின் பெருந்துன்பம் என்பது பொருள். ‘மர்டர் செய்தும் தப்பித்தல்’ என்னும் மரபுத்தொடர் எதைச் செய்தாலும் கேட்பாரற்றிருத்தலைக் குறிக்கும். காக்கைக் கூட்டத்தை மர்டர் என வழங்குவது பதினைந்தாம் நூற்றாண்டு முதல் வரும் தொகுதிப்பெயர் மரபு. இவற்றையெல்லாம் ‘கொலை’ எனப் பெயர்ப்பின் காக்கைகள் கொலையுண்டதாகவே வாசகர் கொள்வர்.

‘கொல’ ஓர் உரிச்சொல்

முன்மொழியாக நிற்கும் வடிவங்களை மேலும் நோக்கின் ஓர் இலக்கணப் பிளவு தெரிகிறது. நேர்ப்பொருள் தரும் ‘கொலைக்குற்றம்’ என்பதில் ஐகாரம் நிற்கிறது, வல்லொற்று மிகுகிறது. மிகுதிப்பொருள் தரும் ‘கொல பசி’ என்பதில் இளைஞர் எழுத்தில் ஐகாரமும் இல்லை, ஒற்றும் மிகுவதில்லை. ‘கொலைப்பசி’ எனத் திருத்தி எழுதினால் சொல் செந்தமிழாகிறது. ஆனால் வழக்கின் சுவை குன்றுகிறது. மேலும் ‘கொல’ என்பது தனித்து எழுவாயாக வருவதில்லை, வேற்றுமை ஏற்பதில்லை, பெயருக்கு முன் அடையாகவே நிற்கிறது.

பெயர் வினைகளைத் தழுவி நின்று மிகுதி முதலிய பண்புகளை உணர்த்தும் சொற்களை நம் இலக்கணிகள் உரிச்சொல் என்றனர். நனி, தவ, கழி, கூர் முதலியன மிகுதி உணர்த்துவன. இன்றைய ‘கொல’ செய்யும் பணியும் அதுவே. ‘மரண மாஸ்’ என்பதில் வரும் ‘மரண’, எங்கும் வழங்கும் ‘செம’ ஆகியனவும் இவ்வகையின. பேச்சுவழக்குச் சொல்லொன்றைத் தொல்காப்பியரின் பாகுபாட்டில் அடக்குவது அவருக்கு இழுக்காகாது. அப்பாகுபாடு இன்றும் உயிர்ப்புடையது என்பதற்கே அது சான்றாகும்.

மறுப்பும் விடையும்

கொலையை மிகுதிச்சொல்லாக்குவது வன்முறையை எளிமைப்படுத்துவதாகும் என்னும் மறுப்பு எழலாம். இதனைப் புறக்கணித்தல் தகாது. நாள்தோறும் கொலைச் செய்திகளை வாசிக்கும் சமூகத்தில் சொல்லின் கூர்மை மழுங்கிவிடுமோ என்னும் கவலை நியாயமானதே.

இதற்கு ‘கொள்ளை’ என்னும் சொல் விடையளிக்கிறது. பிறர் பொருளைக் கவர்தலைக் குறிக்கும் அச்சொல், ‘கொள்ளை அழகு’, ‘கொள்ளை ஆசை’ என மிகுதிப்பொருளில் எழுத்துத்தமிழிலேயே இடம்பெற்றுவிட்டது. அதனால் கொள்ளைக்குற்றத்தின் கடுமை குறைந்ததாகக் கூற இயலாது. ‘பயங்கரம்’ என்பதும் தமிழில் மட்டுமன்றி மராத்தியிலும் மிகுதிச்சொல்லாக வழங்குகிறது. மேலும் மேலே கண்டவாறு, ‘கொலை’யினின்று ‘கொல’வை மக்கள் வழக்கே வடிவத்தாலும் பிரித்துவிட்டது. ‘ஆணவக்கொலை’ என எழுதுங்கால் எவரும் ஐகாரத்தை நீக்குவதில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு வருந்துவதே மயக்கத்திற்கு இடமளிக்கிறது.

பெயர்ப்பில் நேரும் இடர்

பெயர்ச்சொல்லில் வழக்கு செய்துகொண்ட இப்பிரிவினை வினைச்சொல்லில் நிகழவில்லை. ‘கொன்னுருவேன்’ என்னும் வடிவம் ஆச்சியின் அன்புக்கும் பகைவனின் மிரட்டலுக்கும் ஒன்றே. தமிழ்நாட்டில் கேட்போர் குரலையும் உறவையும் சூழலையும் கொண்டு பொருள் தெளிவர். வேற்றுமொழிச் சூழலில் அத்தெளிவு பெயர்ப்பாளர் ஒருவரைச் சார்ந்ததாகிவிடுகிறது.

இது வெறும் சுவைக்குரிய சிக்கலன்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின்படி, மரணமோ கொடுங்காயமோ விளைவிப்பதாக மிரட்டல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. பிற குற்றமுறு மிரட்டலுக்கு இரண்டாண்டே மேல்வரம்பு. ஹடப்சர் போன்ற இடத்தில் இரு தமிழரிடையே வாய்ச்சண்டை மூண்டு, ஒருவர் கூறிய ‘கொன்னுருவேன்’ என்பதை மூன்றாமவர் மராத்தியில் எடுத்துரைக்க நேரின், ‘மாரீன்’ என்பதா ‘டார் மாரீன்’ என்பதா என்பது ஒருவர் வாழ்வின் பல ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடும். மிரட்டல் உண்மையாயின் ‘மாரீன்’ எனத் தணித்துரைப்பதும் அநீதியே. இருபுறமும் பிழை நேரலாம். அகராதியில் ‘கொல்’ என்பதற்கு எதிரே ஒரே ஒரு நிகர்ச்சொல் மட்டும் இருக்குமாயின், பெயர்ப்பாளருக்கு அவ்வகராதி துணை நில்லாது.

ஆங்கிலேயர் 1785இலேயே பிரான்சிசு கிரோசு வாயிலாகக் கொச்சைச் சொற்களுக்குத் தனி அகராதி கண்டனர். தமிழில் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இலக்கிய, வட்டார வழக்குகள் பலவற்றைத் தொகுத்தது. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் தரும் முறையை வலுவாக்கியது. கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்குச் சொல்லகராதி மக்கள் பேச்சுக்கு மதிப்பளித்தது. இம்மரபின் அடுத்த படியாக, சொல் ஏற்கும் வேற்றுமையையும் நிற்கும் இடத்தையும் பேசுவோர் உறவையும் பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

மர்டர், கொலை ஆகியன நிகர்ச்சொற்களாக வழங்கினும் பொருட்பரப்பால் வேறுபட்டவை. ஒலியொப்புமை வேர் உறவுக்குச் சான்றாகாது. குலையும் கொலையும் பேச்சில் ஒன்றாவதால் தமிழில் இவ்வெச்சரிக்கை மிகுதியும் தேவை. ‘கொலை’ பின்மொழியாக நிற்பின் நேர்ப்பொருளும், ‘கொல’ என அடையாக நிற்பின் மிகுதிப்பொருளும், வினையாயின் வேற்றுமையும் வினையெச்சமும் சுட்டும் பொருளும் தருவன. ஆதலின் ‘கொல’ என்பதை மிகுதிப்பொருள் உரிச்சொல்லாகத் தனித் தலைச்சொல்லாக்கி அகராதிகளிற் சேர்த்தல் தகும். ‘கொல்’ என்னும் வினைக்குப் புகழ்ச்சி, பழிப்பு, சலிப்பு, செல்ல மிரட்டல் ஆகிய வழக்குப் பொருள்களை அவற்றின் தொடரமைப்போடு தருதல் வேண்டும்.

ஹடப்சரில் அச்சிறுமி ஆச்சியின் சொல்லை மட்டும் பெயர்க்கவில்லை. அதனைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எதற்குச் சொன்னார் என்பவற்றையும் சேர்த்தே பெயர்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்த அளவு நம் அகராதிகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.